ரோமாபுரிக்கே தன் பெயரை வைத்தவன்

அக்கா,

சனிக்கிழமை வந்த அட்டைப்பெட்டி இன்னும் சமையலறை மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறது. புது பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த வாடை. ரசம் தாளித்தும் போகவில்லை, சாம்பிராணி போட்டும் போகவில்லை. உள்ளே தங்க நிறத்தில் ஒரு கோப்பை. அதன் வயிற்றில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் பெட்டியை இழுத்து மூடிவிடுகிறேன்.

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் இருந்தால், "ஏளா, ஒம் பேரப்புள்ளைய புராணத்த மொதல்ல பாடி முடிச்சிரு, பொறவு நிம்மதியாப் பேசலாம்" என்றுதான் சொல்வீர்கள். பாடிவிடுகிறேன். டெக்சாஸில் மகள் வீட்டு மூத்தவன் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்துவிட்டான். வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறான், அப்படியே அவன் தாத்தா சாயல். அவன் தம்பி நீச்சலில் பள்ளிக்கூடத்துக்கே முதல். இங்கே பிரிட்ஜ்வாட்டரில் மகன் வீட்டுப் பேரன், லைசென்ஸ் எடுத்த கையோடு என்னைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு தடவைகூடக் குலுங்கவில்லை. சின்னவள் யாழினி மறுபடியும் ஸ்டேட் லெவல் சரித்திரப் போட்டிக்குப் போகிறாள். போன தடவை அதில் முதல் பரிசு வாங்கினாளே, அதை நீங்களே பார்த்தீர்கள். இந்தக் கோப்பை அந்தப் பரிசின் வயிற்றில்தான் பிறந்தது.

நம் ஊர்த் தமிழ்ச் சங்கம் இனி வருசா வருசம் பிள்ளைகளுக்குச் சரித்திரப் போட்டி நடத்தப் போகிறதாம். ஜெயிக்கிற பிள்ளைக்கு 'பாவாயி பாட்டி கோப்பை'. அஞ்சாவது மட்டுமே படித்த அப்பத்தா, தன் கைப்பட நூற்றுக்கணக்கில் கேள்வி அட்டை எழுதிப் பேத்தியை ஜெயிக்க வைத்தாள் அல்லவா, அதற்கு மரியாதை.

அந்த அட்டைகளில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை என்பது நம் இரண்டு பேருக்குத் தெரியும். இல்லை, மூன்று பேருக்கு.

நினைத்துப் பார்க்கிறேன். மகனும் மருமகளும் விடிந்ததும் ஜெர்சி சிட்டிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு நீங்கள் மூன்று வீடு தள்ளியிருக்கும் மகள் வீட்டிலிருந்து, பனியானாலும் மழையானாலும், அந்தப் பெரிய ஜாக்கெட்டுக்குள் நடந்து வருவீர்கள். காபி குடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டுவீர்கள். யாழினியின் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து, வெள்ளை அட்டையில் கேள்வியை எழுதுவீர்கள். இங்கிலீஷ் கேள்விதான், ஆனால் தமிழ் எழுத்தில். பின்பக்கம் பதில். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் கேட்டால் அவளுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஆனால் நீங்கள் அத்தோடு விடவில்லை. கேள்விக்கு அடியில் பொடி எழுத்தில் அர்த்தத்தையும் தமிழில் எழுதினீர்கள். "கிளிப்புள்ள மாதிரி கேக்காத. என்ன கேக்கோம்னு தெரிஞ்சு கேளு" என்றீர்கள்.

மூன்று மணிக்கு உங்கள் பேரனை டேகேரிலிருந்து கூட்டி வருவார்கள் என்று கிளம்பிவிடுவீர்கள். மூன்றரைக்கு ஸ்கூல் பஸ் வரும். யாழினி கண்ட காட்சி, அப்பத்தா கையில் அட்டைக் கட்டு. வீட்டுக்கு வந்தவர்கள் கண்டதும் அதுதான்.

ரோம ராஜாக்கள் ஊர்களுக்குத் தங்கள் பெயரை வைத்த பாடம் வந்தபோது நமக்குள் எவ்வளவு பேச்சு. அதுவரை எனக்கு ராஜா என்றால் ராஜாதான். ஹேட்ரியன் என்று ஒருவன், ஜெருசலேமைப் பிடித்து, அங்கே பிறந்து வளர்ந்த சனம் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று துரத்திவிட்டு, ஊருக்குத் தன் குலப்பெயரை வைத்தான். ஏலியா கேபிடோலினா. அதை எழுத்துக் கூட்டவே எனக்கு ஒரு காலைப்பொழுது போனது. இன்னொரு சிற்றரசன், டைபீரியஸ் ராஜாவைக் காக்கா பிடிக்க அவன் பெயரில் ஒரு ஊர் கட்டினான். தோண்டினால் கீழே பழைய கல்லறைகள். அதன் மேலேயே கட்டினான். குடிவர ஆள் இல்லை, ஏழை பாழைகளைப் பிடித்து வந்து வைத்தான். அதைப் படித்துவிட்டு நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"கையக் கழுவி என்ன ஆவப் போவுது. ஸ்பெயின்காரன் என்ன செஞ்சான்னு பாரு" என்று ஒரு அட்டையைக் காட்டினீர்கள். சீசர் அகஸ்டஸ் பெயரில் சீசராகஸ்டா என்று அங்கே ஒரு ஊர். அதை இப்போது சரகோசா என்கிறார்கள். "சனங்க ராஜா பேர வெத்தல மாதிரி வாயில போட்டு மென்னு, மென்னு, சக்கையாத் துப்பிட்டாவ. அதுதான் சரியான மரியாத."

இன்னொன்றும் அன்றுதான் சொன்னீர்கள். திருநெல்வேலியில் வக்கீல் ஆபீசில் முப்பது வருசம் டைப் அடித்த கதை. பத்திரம், நோட்டீஸ், மனு, எல்லாம் நீங்கள் அடித்தது. வக்கீல் சொல்வது பாதிதான், மீதியை நீங்களே சரியாக எழுதி நிரப்புவீர்கள். "அடிச்சதெல்லாம் நானு. அடியில கையெழுத்துப் போட்டது பூராவும் வேற ஆளு. இந்த அட்டையிலதாம்ளா கையெழுத்துப் போட ஒருத்தனும் வரமாட்டான்."

இதைக் கேட்ட காதோடுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

யாழினி ஜெயித்த மறுவாரம் சங்கத்தின் இணையப் பக்கத்துக்குப் பேட்டி எடுக்க ஒரு பெண் வந்தாள். நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பி, நடுவில் என்னை உட்கார வைத்துப் படம் எடுத்தாள். அப்புறம் கேட்டாள், "பாட்டி, இது எல்லாமே உங்க கையால எழுதினதா?"

நான் தலையை ஆட்டினேன். வாயால் ஆமாம் என்று சொல்லவில்லை என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆட்டினேன் அக்கா. பக்கத்தில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த யாழினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் டம்ளருக்குள் பார்த்தாள்.

பேட்டி வந்ததும் டெக்சாஸிலிருந்து போன், ஊர்ப் பக்கம் கோபியிலிருந்து போன். கோவில் வாசலில் முன்பின் தெரியாதவர்கள் என் காலில் விழுந்தார்கள். இனித்தது. பொய் சொல்லவில்லை, நன்றாக இனித்தது.

நீங்கள் வழக்கம்போலப் பத்து மணிக்கு வந்தீர்கள். "சேல எடுப்பா இருந்துச்சுளா" என்றீர்கள். கண்ணாடியை மாட்டி, அன்றைக்கு ஒரே ஒரு அட்டை எழுதினீர்கள். என் பக்கம் தள்ளினீர்கள்.

"சத்தமாப் படி."

படித்தேன். ஹூ ரீநேம்ட் ரோம் ஆஃப்டர் ஹிம்செல்ஃப்? கீழே பொடி எழுத்தில், ரோமாபுரிக்கே தன் பெயரை வைத்தவன் யார்? திருப்பினால், கொமோடஸ்.

"மத்தவனெல்லாம் ஊரான் ஊருக்குப் பேரு வச்சான்" என்றீர்கள், என்னைப் பார்க்காமல். "இவன், தன்னைத் தாங்குன ஊருக்கே வச்சுட்டான். அவன் செத்ததும் அந்தப் பேர உரிச்சுப் போட்டுட்டாவ."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காபி ஆறுதுங்க்கா" என்றேன்.

நீங்கள் காபியைக் குடித்தீர்கள். மறுநாளும் வந்தீர்கள். அதற்கப்புறம் எத்தனையோ நாள் வந்து எத்தனையோ அட்டை எழுதினீர்கள். நான் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று நான் காத்திருந்தேன். போன மார்கழியில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. பெட்டிக்குள் உங்களைக் கிடத்தி, கோட்டு சூட்டு போட்டவர்கள் வரிசையில் நின்று கும்பிட்டபோது, நானும் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கோப்பையை வெளியே எடுத்தபோது யாழினி பக்கத்தில் இருந்தாள். மகன் பல கோணத்தில் படம் எடுத்தான். அவன் நகர்ந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆச்சி ரோட் தோஸ், அப்பத்தா. யூ நோ தட்." ஆச்சி என்று அவள் கூப்பிடுவது உங்களைத்தானே; எழுதியது நீங்கள் என்று, என் கையெழுத்தை அறிந்தவள் சொல்கிறாள்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை இத்தனை நாள் எனக்காக ஒரு பொய்யை வாயில் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். ஹேட்ரியன் மேல் வராத அருவருப்பு அப்போது எனக்கு என் மேல் வந்தது. பெருமைப்படப் பேரப்பிள்ளைகளை வரிசையாகச் சொல்கிறேனே, அந்த வரிசையில் அவளுக்கு நான் கொடுத்தது இதுதான்.

மறுநாள் சங்கச் செயலாளர் வீட்டு பேஸ்மென்ட்டில் கமிட்டிக் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அட்டைகள் இருந்த ஷூ பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன். காட்சிக்கு வைக்க என்று மகன் நினைத்துக்கொண்டான்.

கூட்டம் தொடங்கியதும் எழுந்து சொன்னேன். "இதுகள நான் எழுதலீங்க. எழுதுனது மூணு வீடு தள்ளியிருந்த எங்க அக்கா. போன மார்கழில தவறிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள், பாசமாக. பாட்டி எவ்வளவு சிம்பிள் பாருங்கள் என்றார் ஒருவர். அந்தத் தலைமுறையே அப்படித்தான், கிரெடிட்டே எடுத்துக்க மாட்டாங்க என்றாள் ஒரு பெண். கைதட்டல் வேறு. உண்மையைச் சொன்னால் அதற்கும் மாலை போடுகிறார்கள் அக்கா. வாங்கிய சமோசாவைத் தட்டோடு தள்ளி வைத்தேன். கொமோடஸுக்குக்கூட இப்படிச் சுலபமாக நடந்திருக்காது.

ஒரு பேப்பரும் பேனாவும் கேட்டேன். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து எழுதினேன், ஏலியா கேபிடோலினா என்று. அஞ்சாவதோடு நின்றுபோன கை. எழுத்துகள் மேட்டிலும் பள்ளத்திலுமாகப் போயின, கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை. உங்கள் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அச்சடித்தது போல நிற்கிற உங்கள் எழுத்து. செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்புறம் அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப பேட்டியில ஏன் பாட்டி அப்படி...?"

"ஆசைங்க" என்றேன். "இனிச்சுதுங்க."

இரண்டு பேர் பெயரையும் போட்டுவிடலாம் என்று ஒருவர் சமாதானம் பேசினார். எனக்கு வேண்டாம் என்றேன். சரி, பெயர் இல்லாமல் வெறும் சரித்திரக் கோப்பை என்று முடிவானது. என் பெயர் பொறித்த இந்தக் கோப்பையை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் யாரும் வரவில்லை. திரும்பி வரும்போது மகன்தான் வண்டியை ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான். இவ்வளவு நாளாக எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் அவன்.

நேற்று உங்கள் மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குத் தெரியுமாம். உங்கள் கைப்பையில் அந்தப் பேட்டியைப் பிரிண்ட் எடுத்து மடித்து வைத்திருந்தீர்களாம். கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அல்லவா, பேனாவால் பிழை எல்லாம் திருத்தியிருந்தீர்கள். என் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், அதைச் சரிசெய்திருந்தீர்கள். ஒற்று விட்ட இடத்தில் ஒற்றுப் போட்டிருந்தீர்கள். யாழினியின் வயதை அடித்து எழுதியிருந்தீர்கள். 'அட்டைகள் அனைத்தையும் பாட்டியே தன் கைப்பட எழுதினார்' என்ற வரியில் மட்டும் பேனா படவில்லை. அந்தப் பிழையை எனக்கென்று விட்டுவைத்திருந்தீர்கள்.

அதை நேற்று நானே அடித்தேன். மேலே கோணலும் மாணலுமாகச் சரியானதை எழுதினேன். இந்த மடலோடு அந்தத் தாளையும் சங்கத்துக்குக் கொடுக்கிறேன், அப்படியே இணையப் பக்கத்தில் போடட்டும். இதனால் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை அக்கா. அன்று ஆட்டிய ஆட்டல் இன்னும் என் கழுத்திலேயே இருக்கிறது. யாராவது எதையாவது கேட்டால், ஆமாம் என்று தலையசைக்கும் முன் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போனது அந்த ஒரு நொடி. அதைச் சுமந்துகொண்டுதான் மிச்ச நாளும் போகும்.

பெரியவர்கள் பெயரை எழுதிப் பழக்கமில்லை, அதனால் இதில் உங்கள் பெயரை எழுதவில்லை. படத்துக்கு அடியில் அவர்கள் எழுதட்டும், பிழையில்லாமல். உங்கள் மகளிடம் படம் கேட்டிருக்கிறேன். மாலை போட்டது வேண்டாம், விசாவுக்கு எடுத்ததும் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டு எதையாவது பார்த்து எழுதுகிற மாதிரி ஒன்று தேடு என்று சொல்லியிருக்கிறேன். செயலாளர் அம்மா இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பட்டுச்சேலைக்காரியின் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். புதுப் படம் வந்ததும் அந்த இடத்தில் போடுங்கள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ள வேண்டாம். போடுகிற வரைக்கும் தினமும் போன் செய்வேன்.