கடதாசியில் அப்பா

மொன்றியல்,
12.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் நலம். முழங்கால் எப்படி? தொலைபேசியில் இந்தக் கதையை எடுத்தால் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

1923இல் கனடா, சீனர்கள் வரவே முடியாதபடி ஒரு சட்டம் போட்டது. இருபத்துநாலு வருடம் இருந்ததாம், அதற்குப் பிறகும் மனைவி பிள்ளைகளை மட்டும்தான் கூப்பிடலாமாம். டவுன்டவுனில் அடுத்த மாதம் அதைப்பற்றி ஒரு விவாதம், நானும் பேசுகிறேன். அவர்களிலும் பலர் வேறொருவரின் மகன் என்று கடதாசி காட்டித்தான் வந்திருக்கிறார்கள்! 1960இல் அரசாங்கமே, உண்மைப் பெயரைச் சொல்லுங்கள், திருப்பி அனுப்பமாட்டோம் என்றதாம்.

தம்பியைக் கூப்பிட வழியில்லை என்று, 1992இல் நீங்கள் என்னை மகனாகப் பதிந்த கதையை அங்கே சொல்லட்டுமா?

அன்புத் தம்பி
சாரங்கன்


லொங்குய்ய்,
17.05.2025

அன்பு மகன் சாரங்கனுக்கு,

அண்ணை என்று எழுதாதே என்று எத்தனை தரம் சொன்னேன்? உன் கடிதத்தைக் கிழித்து இரண்டு குப்பைப் பைகளில் போட்டேன்.

சீனருக்குச் சொன்னது எங்களுக்குச் சொன்னதா? உன் குடியுரிமை அந்தக் கடதாசியில்தான் நிற்கிறது. உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்லாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சீனர்கள் செத்தபிறகு கல்லறையில் எந்தப் பெயரை எழுதினார்கள்?

அப்பா
அருமைராசா


மொன்றியல்,
22.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பயப்படாதேங்கோ, சொல்லவில்லை. ஒருவர் எழும்பி, "பொய்க் கடதாசியில் வந்தவர்களுக்கு என்ன அனுதாபம்?" என்றார். மைக் என் கையில்தான் இருந்தது. "கதவைப் பூட்டினவரை விட்டுவிட்டு யன்னலால் வந்தவரைக் கேட்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னேன். கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கல்லறை பற்றி ஒரு சீனப் பெரியவரிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் கடதாசிப் பெயர், சீன எழுத்தில் சொந்தப் பெயராம். ஏன் கேட்டீர்கள்?

சாரங்கன்


லொங்குய்ய்,
30.06.2025

தம்பி சாரங்கன்,

சாகிற அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் என் மரண அறிவித்தலை வேறு ஆள் எழுதினால் யாராவது ஒரு சொந்தத்தை விட்டுவிடுவான். அதனால் மூன்று வருடமாக நானே எழுதுகிறேன். உன் வரியில் வந்துதான் பேனை நிற்கும். தந்தை என்று போட்டால் அம்மாவின் பிள்ளையை நான் களவெடுத்த மாதிரி.

உன் சீனப் பெரியவர் வழி காட்டிவிட்டார். இங்கத்தைய பேப்பருக்குப் போகும் பிரெஞ்சு அறிவித்தலில் தந்தை என்றே இருக்கட்டும். தமிழில் இப்படி:

"காலஞ்சென்ற சின்னையா, பரிமளம் தம்பதிகளின் அன்பு மகனும், சாரங்கனின் அருமை அண்ணனும்..."

பிழை இருந்தால் திருத்தி அனுப்பு.

அண்ணை


மொன்றியல்,
04.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

வாசித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. ஒரு பிழைதான் இருந்தது, திருத்திவிட்டேன்:

"சாரங்கனின் அருமை அண்ணனும், அன்புத் தந்தையும்..."

பதினைந்து வயதில் வந்தவனுக்குப் பனிச் சப்பாத்து வாங்கித் தந்தது யார்? பள்ளிக்கூட றிப்போட்டில் கையெழுத்து வைத்தது யார்? அந்தக் கடதாசி முழுப் பொய்யில்லை, அண்ணை.

இதை இப்போதைக்கு அலுமாரிக்குள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

தம்பியும் மகனுமாகிய
சாரங்கன்