உறைந்த கண்ணாடிக்கு நாலு சொட்டுத் தைலம்

ஜூன் 9

ஜூன் பிறந்தால் எங்கள் கூமா ஊரில் குளிர்காலம்தான்; இந்த வருடத்தின் முதல் கடும் உறைபனி. காலையில் காரே தெரியவில்லை, வெள்ளையாக ஒரு மேடு. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகப் பழைய ஸ்பிரே பாட்டிலைக் கழுவி, கார் கண்ணாடிப் பனியைக் கரைக்கும் என் கலவையைச் செய்தேன். இரண்டு கோப்பை ஸ்பிரிட், ஒரு கோப்பை தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு. ஸ்பிரிட் நாற்றம் எனக்குக் குமட்டும், அதனால் நாலு சொட்டு யூகலிப்டஸ் தைலமும். இந்த ஊரில் வேறு யாரும் தைலம் விடுவதில்லை. "காருக்கு என்ன, சளி பிடிச்சிருக்கா?" என்று என் கணவர் கிளைவ் வருடாவருடம் அதே கேலி. வருடாவருடம் அதற்குச் சிரிப்பதும் அவர் ஒருவர்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கார் கண்ணாடியில் ஒரு முறைகூடக் கை வைத்ததில்லை. நான் பாட்டிலோடு வெளியே போகும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரே வசனம்: "கதவைச் சாத்து, குளிர் வருது."

ஜூன் 17

கிளைவ் விடிகாலையில் நாயை நடக்கக் கூட்டிப் போகிறார். இடுப்பு வலிக்கு நல்லதாம். போகட்டும், டஸ்டிக்கும் கொழுப்பு ஏறிவிட்டது.

பாட்டில் அதற்குள் பாதி. "மூடி சரியில்ல கோரலீ, ஸ்பிரிட்டு ஆவியாப் போகுது" என்றார். மூடியை மாற்றினேன்.

ஜூன் 24

மறுபடி கலக்கினேன். விரல் நுனியெல்லாம் வெடிப்பு.

ஜூலை 2

நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் ஏழு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி அடுப்பில் ஏறியாக வேண்டும். ஓடிப் போய் நிறுத்துகிறேன், பக்கத்தில் நொயலீனின் கார். இல்லத்தின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள், வீடு எங்களுக்கு மூன்றாவது தெருவில். முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"என்ன செஞ்சே? துடைச்ச மாதிரி இருக்கே."

"ஷெட்டுக்குள்ள நிறுத்துறேன்" என்றாள்.

ஷெட்டில் நின்ற காரின் கூரையில் இவ்வளவு தடிமனாகப் பனி எப்படி வந்தது? அவள் உள்ளே போனதும் குனிந்து மோந்து பார்த்தேன்.

யூகலிப்டஸ்.

கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 3

சீ. சீ. வேற என்ன எழுத.

அவன் பக்கத்துல உக்காந்து முட்டை சாப்பிடுறான், மஞ்சக்கரு தாடையில ஒழுகுது, நாய் நடை எப்படி இருந்ததுன்னு கதை சொல்றான். நான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்.

இன்னொருத்தி — சரி. நடக்கிறதுதான், ஊரில் எத்தனை வீட்டில் இல்லை? ஆனால் எந்திரிச்சானே. எனக்காக ஒரு நாள்கூட எந்திரிக்காதவன், ஆறு டிகிரி மைனஸ்ல, இருட்டுல எந்திரிச்சுப் போய் அவளுக்குத் துடைச்சுக் கொடுக்கிறான். என் பாட்டில். என் கை வெடிச்சுக் கலக்கினது. அதுதான் குமட்டுது. எனக்கு அவன் வேண்டுமா வேண்டாமா? அதைக்கூட யோசிக்க முடியவில்லை, அவ்வளவு அருவருப்பு.

ஜூலை 4

பாட்டிலைக் காலி செய்து பச்சைத் தண்ணீர் நிரப்பினேன். வாசனைக்கு ஒரு சொட்டுத் தைலம். நல்ல கலவை ஜாம் போத்தலில், என் கைப்பைக்குள்.

ஜூலை 5

வேலைக்கு நொயலீனின் தெரு வழியாகப் போனேன்.

அவள் கார் முன்னால் கிளைவ்: பைஜாமா, ஆட்டுத்தோல் செருப்பு, மேலே கோட்டு. அடித்த தண்ணீர் அடித்த இடத்திலேயே இறுகி, பனிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. கிளப் உறுப்பினர் அட்டையை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். அட்டை இரண்டாக உடைந்திருந்தது. நொயலீன் வாசலில் கைப்பையோடு, "நேரமாச்சு கிளைவ்" என்றாள். எதிர்வீட்டுக்காரி குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "ஏன் கிளைவ், நீ கண்ணாடி சுரண்டி நான் பாத்ததே இல்லையே. இது யாரு காரு?"

கேட்டில் கட்டியிருந்த டஸ்டி மட்டும் என் காரைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் ஜன்னலை இறக்கினேன்.

"அதுல வெறும் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனேன். கஞ்சிக்கு நேரமாகியிருந்தது.

ஜூலை 6

"ஒரு கண்ணாடிக்காகவா இவ்வளவு ரகளை?" என்றான். கண்ணாடியாம். இத்தனை வருஷம் இந்த மூளையோடதான் குடும்பம் நடத்தினேனா?

டோஸ்டரை எடுத்துக்கொண்டு மூன்றாவது தெருவுக்குப் போய்விட்டான். நாயை விட்டுவிட்டான். நொயலீனுக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாதாம்.

ஜூலை 20

டஸ்டி அவன் பக்கத்துத் தலையணையில் படுக்கிறது. நாற்றம்தான், ஆனால் குறட்டை இல்லை.

ஆகஸ்ட் 11

இன்றும் மைனஸ் ஆறு. இல்லத்தின் வாசலில் நொயலீன் காரை நிறுத்தினாள். கண்ணாடி முழுக்கப் பனி, நடுவில் தபால் பெட்டி வாய் அளவுக்குச் சுரண்டிய ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தே ஓட்டி வந்திருக்கிறாள். விரலெல்லாம் சிவந்து கிடந்தது. என் பக்கம் வந்து நின்றாள்.

"கோரலீ... அதுல ஸ்பிரிட் எவ்வளவு ஊத்தணும்?"

"அவன் எந்திரிக்கலையா?"

"இடுப்பு வலியாம். நான் வெளிய வரும்போது, 'கதவைச் சாத்து, குளிர்—'"

எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள்மேல் இருந்த அருவருப்பைத் தேடிப் பார்த்தேன், கைக்கு அகப்படவில்லை.

"ரெண்டு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு தண்ணி, சோப்பு நாலு சொட்டு" என்றேன். "நிறையக் கலக்கி வச்சுக்கோ. குளிர் இன்னும் இருக்கு."

தைலத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.