தடுத்த அடிக்கும் ஒரு கட்டம்

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிறுதோறும் மேஜையைச் சுற்றி நாங்கள் ஆடும் சண்டைக் கதை ஆட்டத்தின் பழைய விதிப்புத்தகம் சொல்வது சுத்த அபத்தம். இரும்புக் கவசம் போட்டவன் மேல் அடி படுவதே கடினமாம். இருபது பக்கப் பகடையை உருட்டு. எண் போதவில்லையென்றால் அடி விழவே இல்லை. எப்படி? கனத்த இரும்போடு ஆமை மாதிரி நகர்கிறவன் மேல்தானே சுலபமாக விழும்? காயம்தான் குறையும். இன்று மாற்றிவிட்டேன். அடி தாராளமாக விழும், காயத்தில் நான்கைக் கவசம் கழித்துக்கொள்ளும். ஆட்டத்தை நடத்துகிறவன் நான், விதியும் என்னுடையது.

முதல் நாளே சொதப்பல். அக்கா வீட்டுக்காரர்தான் எங்கள் மேஜையின் கவச வீரர். பன்னிரண்டு கத்திக்காரக் குள்ளர்களுக்கு நடுவில் போய் நின்றார். கத்தியின் காயம் அதிகபட்சம் நான்கு. நான்கு போனால் பூஜ்யம்.

"குத்துங்கடா, நல்லா குத்துங்க. முதுகு வேற அரிக்குது" என்றார் அத்தான். அக்காவும் என் லேப் நண்பன் நெட்டையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயமே இல்லாமல் அது என்ன ஆட்டம்?

மார்ச் 3, செவ்வாய்

திருத்தம். கவசம் தடுக்கிற ஒவ்வோர் அடிக்கும் தாளில் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். பத்துக் கட்டம் நிரம்பினால் கவசம் போச்சு.

மார்ச் 8, ஞாயிறு

அத்தான் ஏமாற்றுகிறார். நான் தனியாக எண்ணிக்கொண்டே வந்தேன். தடுத்த அடி பதினான்கு. அவர் குறித்தது மூன்று. நேராகவே கேட்டுவிட்டேன்.

"அட போ மாப்ள. கட்டம் நிரம்பினா சட்டையக் கழட்டணும். வேலையிலயும் நாங்க இப்படித்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

அவர் வேலை, அமிலத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவது. ரப்பர் உடை, ரப்பர் கையுறை. கூடவே ஓர் அட்டை, அதில் முப்பது கட்டம். இறங்கும்போதெல்லாம் ஒன்றை அடிக்க வேண்டும். முப்பது ஆனதும் உடை குப்பைக்கு.

"எத்தனை தடவை இறங்கியிருக்கீங்க?"

"எண்பது இருக்கும்."

"அட்டையில?"

"பதினொண்ணு."

அங்கே யாருமே குறிப்பதில்லையாம். குறித்தால் புது உடை கேட்க வேண்டும், கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பாராம். முறைப்புக்குப் பயந்து!

மார்ச் 9, திங்கள்

ரப்பர் எவ்வளவு தாங்கும் என்று லேபில் இழுத்து அறுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெளியே பளபளவென்று இருக்கும். விரிசல் உள்ளே ஓடும். சொல்லிவிட்டு அறுவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அத்தான் ஃபேக்டரிப் பக்கம் சைரன். கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரச் சைரனாம்.

மார்ச் 11, புதன்

வெள்ளிக்கிழமை அத்தான் பெரிய தொட்டியில் இறங்க வேண்டுமாம். அக்காதான் சொன்னாள். அத்தானிடம் பேசினேன்.

"ஆறு வருஷம் மாப்ள. ஒரு சொட்டு மேல பட்டதில்ல."

அப்படியே பழைய விதிப்புத்தகம்! போட்டிருந்தால் படாது. படுகிறது ஐயா, ஒவ்வொரு தடவையும் படுகிறது. உங்கள் தோலை இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

கையுறையைக் கொண்டுவரச் சொன்னேன். "பாத்துட்டு திருப்பித் தந்துடுவல்ல?" என்றார். "ம்" என்றேன். பொய். என் தொழிலில் பார்ப்பதென்றால் அறுப்பது.

மார்ச் 12, வியாழன்

ஐந்து துண்டு வெட்டி இழுத்தேன். தாங்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாங்கவில்லை, ஐந்துமே. நெட்டை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதப் போட்டுக்கிட்டா இறங்குறாரு?"

துண்டுகளை அத்தான் முன்னால் கொட்டினேன். முகம் வெளுத்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அறிவிருக்காடா உனக்கு? எனக்கு கையுறை இல்லன்னா சூப்பர்வைசர் தொட்டிய மூடிடுவானா? சோடாபுட்டிய இறக்குவான். அவன் உடை என்னோடத விடக் கந்தல்!"

சோடாபுட்டி அவர் கூட வேலை செய்கிறவர். கண்ணாடி இல்லாமல் ஏணியே தெரியாது அவருக்கு.

இதை நான் யோசிக்கவே இல்ல. சத்தியமா யோசிக்கல. என்ன பண்ணித் தொலைச்சேன் — ஒருத்தர மேல ஏத்தி இன்னொருத்தர உள்ள தள்ளிட்டேனா?

மார்ச் 13, வெள்ளி

எட்டு மணி. ஃபோன் எடுக்கவில்லை.

ஒன்பதரை. எடுக்கவில்லை. அக்கா என்னை மூன்று முறை கூப்பிட்டாள். "ஏதாவது தெரிஞ்சுதாடா?"

பதினொன்று நாற்பது. அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"மாப்ள, உடை ரூம்ல பதினாறு ஜோடி கையுறை இருந்துச்சு. எல்லாத்துலயும் இடது கைய கத்தரிச்சுட்டேன். யாரும் இறங்கல."

பிறகு மெதுவாக, "கத்தரி இன்னும் கையிலதான் இருக்குடா" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தான் சஸ்பெண்ட். புதன்கிழமை விசாரணை. தொட்டி மூடியே கிடக்கிறது. சோடாபுட்டி ஃபோனில் கண்டபடி திட்டினாராம். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

இன்று ஆட்டம் வேண்டாம் என்றேன். அக்காதான் தாளை விரித்தாள். ஆட்டத்தில் இரும்புக் கதவு ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் பெரிய சண்டை காத்திருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கதவையும் உதைத்துத் திறக்கிற அத்தான், பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வேற வழி இருக்கா மாப்ள?"

என் வரைபடத்தில் இல்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தேன்.