வெங்காயம் மணத்த கை

அன்ரி,

இன்றைக்கும் கடையில் ரோல்ஸுக்கு வெங்காயம் வெட்டினேன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட எனக்குக் கிடைத்த வேலை இதுதான். லண்டனில் சட்டன் பக்கம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், பனி படிந்த கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது அந்த மணம் வந்தது. உங்களை நினைத்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

அம்மா உங்களைப் பராமரிக்க வரும்போது, வீட்டில் சும்மா இருந்த என்னையும் மொழிபெயர்க்கக் கூட்டி வருவார். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்குப் பேச்சே வராது. "வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே? அன்ரி கேக்கிறதைச் சொல்லன்" என்று ஏசுவார். கொழுக்கட்டை என்றால் என்னவென்று நீங்கள் கேட்டீர்கள். அடுத்த முறை அம்மா அவித்துக்கொண்டு வந்தார். வாய் நிறைய வைத்துக்கொண்டு, இனி உங்களாலும் பேச ஏலாது என்று எனக்குக் கைகாட்டினீர்கள்.

முகத்தை மட்டும் நீங்கள் யாரையும் துடைக்க விட்டதில்லை. ஒருநாள் அம்மா துவாயோடு கிட்ட வந்ததும் கையைத் தட்டிவிட்டீர்கள். பிறகு மன்னிப்புக் கேட்டு, ஏன் என்று சொன்னீர்கள்.

யூதர்களைத் தேடித் தேடிக் கொன்ற அந்தப் போரில், நான்கு வயதுப் பிள்ளையாக, போலந்தில் ஒரு பண்ணைவீட்டுப் பரணில் உங்கள் அம்மாவோடு ஒளிந்திருந்தீர்கள். அங்கே இன்னொரு தாய், அழுத கைக்குழந்தையின் முகத்தைப் பொத்தினார். அது பிறகு எழும்பவில்லை. அடுத்தமுறை சிப்பாய்கள் கீழே வந்தபோது நீங்கள் இருமினீர்கள். உங்கள் அம்மாவின் கை முகத்தில் இறுகியது. இருட்டும் அந்தக் கையின் வெங்காய மணமும் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றீர்கள். இருவரும் தப்பி லண்டன் வந்தும், அவர் சாகும்வரை உங்களால் கேட்க முடியவில்லை.

"அம்மா என்னைக் காப்பாற்றத்தான் பொத்தினாரா, இல்லை கொல்லப் பொத்தி நான் தவறிப் பிழைத்தேனா?"

இதை ஒவ்வொரு சொல்லாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்மா துவாயைக் கீழே வைத்தார்.

"கை வெங்காயம் மணத்ததாமோ?"

"ஓம்."

"அப்ப மூக்கை விட்டிருக்கிறா. ஆமி மேலாலை போகேக்கை, பங்கருக்குள்ளை கொண்ணன்ரை வாயை நானும் பொத்தினனான். வாயைத்தான் பொத்துவம். மூச்சு வருதோ எண்டு விரல் பாத்துக்கொண்டே இருக்கும். சொல்லு அவவுக்கு."

ஊரில் போர் நடந்தபோது பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், அண்ணாவுக்கு நடந்தது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அண்ணாவுக்கு இன்றுவரை தெரியாது. நான் சொன்னேன். அவ்வளவு பேச்சை ஒரே மூச்சில் யாரிடமும் நான் பேசியதில்லை.

நீங்கள் அம்மாவின் பக்கம் திரும்பினீர்கள். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை அம்மாவிடம் நீட்டினீர்கள்.

அந்தக் குளிர்காலம் முடியுமுன் போய்விட்டீர்கள். ஆயுள் முழுக்கத் தேடிய பதிலோடு சில கிழமைகள்தான் இருந்தீர்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

இப்போது அண்ணா வேலை முடிந்து வந்து சோஃபாவில் உறங்குகிறான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா அவன் மூக்கருகே ஒரு விரலை வைத்துப் பார்க்கிறார். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று உங்கள் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன், அன்ரி.