அவசரப் பிரிவின் வாசல்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பனி விழும்போது விறகை நீங்களே பிளக்காதீர்கள். பக்கத்து வீட்டு வெர்னனைக் கூப்பிடுங்கள். நான் நலம். மருத்துவக் கல்லூரி கேட்கும் அறிவியல் பாடங்களில் பாதியை முடித்துவிட்டேன். வரலாற்றில் பட்டம் வாங்கியவளுக்கு வேதியியல் லேசில் ஏறுகிறதா என்ன!

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு பெரியவரைத் தள்ளுகட்டிலில் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, தலை சுற்றி நானே விழுந்துவிட்டேன். கூட வேலை செய்யும் ரொசால்பா என்னைச் சக்கர நாற்காலியில் போட்டு அவசரப் பிரிவுக்கு ஓட்டினாள்.

"முதல்ல அந்தப் பொண்ணப் பாருங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்றாராம் பெரியவர்.

ஓடியது நான்தான். வகுப்புக்காகப் பகுதி நேர வேலைக்கு மாறியபோதே, முழு நேர வேலைக்காரர்களுக்கு மட்டும் தரும் மருத்துவக் காப்பீடு போய்விட்டது. உள்ளே பெயரைப் பதிந்தால், அடுத்த பருவக் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணம் அந்தச் செலவுக்கே சரியாகிவிடும். வாசலிலேயே இறங்கிவிட்டேன்.

"டாக்டராகப் போறவ டாக்டரப் பாத்து ஓடுறியே, வெக்கமா இல்ல?" என்று ரொசால்பா கத்தினாள்.

"ஆனதும் என்னை நானே பாத்துக்கிறேன்டி."

அவள் சிரிக்கவில்லை.

இப்போது ஒன்றுமில்லை, வேலைக்கும் வகுப்புக்கும் போகிறேன். முடிந்தால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், பேச எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. அம்மாவுக்குக் கடைசி நாட்களில் தலை சுற்றல் எப்படித் தொடங்கியது? விழுவதற்கு முன் இடது கை மரத்துப்போனதா? நினைவிருந்தால் சீக்கிரம் எழுதுங்கள். பாடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கோரின்