ஏலக்காய் ஃபேன் முன்னால் என் லேப்டாப்

12.10.2008, ஞாயிறு. கம்பம்

காலையிலிருந்து தூறல். உத்தமபாளையத்தில் சின்னம்மா மகள் நிக்காஹ். மூன்று மணிக்குத் திரும்பினேன். புடவைகூட மாற்றாமல் லேப்டாப் பட்டனை அமுக்கினேன். ஒன்றுமில்லை. சார்ஜரில் விளக்கு எரிகிறது, லேப்டாப் செத்துக் கிடக்கிறது.

கீழே ஏலக்காய்க் கடையிலிருந்து இவர் ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சத்தம் போடுதுன்னு சொன்னேல்ல? கழட்டிச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். உள்ள பூராம் காய்த்தூசி."

எதை வைத்துச் சுத்தம்? காய் தூற்றுகிற ஃபேனை வைத்து! காம்பும் சருகும் பறக்கக் கடையில் வைத்திருக்கிற ராட்சசன். அதன் முன்னால் லேப்டாப்பை விரியத் திறந்து, முறம் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறார். இந்த வீட்டில் பாய், தலையணை, சுவர்க் கடிகாரம் எல்லாம் அதன் முன்னால் போய் வந்தவைதான்.

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

"நல்லது செஞ்சாலும் குத்தமா?"

எம்.ஃபில். ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்கள் அதற்குள் மட்டும்தான். முதல் மூன்று பென் டிரைவில். மிச்சத்தை ஏற்றாமல் விட்ட மூதேவி நான். வெள்ளிக்கிழமை மதுரையில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் நீட்டி வாங்கியாயிற்று. இனி தரமாட்டார்கள்.

13, திங்கள்

ஸ்கூலுக்கு லீவு. மழை இல்லை.

பார்த்தவை: பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பட்டனை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்தது. சார்ஜர் மட்டும். பேட்டரி மட்டும். பக்கத்து வீட்டு சார்ஜர். பிஸ்மி சொல்லி ஒரு தடவை, திட்டிக்கொண்டே நாலு தடவை.

அடியில் ஸ்க்ரூ இரண்டு குறைகிறது. கேட்டால், "அது எக்ஸ்ட்ரா போட்டிருப்பான்." எக்ஸ்ட்ரா போட அவனுக்கு என்ன நேர்த்திக்கடனா?

மீன் குழம்பு. சாப்பாடு போட்டேன், பேசவில்லை.

14, செவ்வாய்

தேனி. லேப்டாப் மடியில். வரவேண்டாம் என்று சொல்லியும் இவர் வந்தார்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே, என்ன பண்ணுச்சு? எப்ப இருந்து?" எல்லாம் இவரிடம்தான். லேப்டாப் என்னுடையது, படிப்பு என்னுடையது, விசாரிப்பு மட்டும் இவரிடம்.

திறந்து பார்த்தான். போர்டு நன்றாக இருக்கிறதாம். பட்டனிலிருந்து காகிதம்போல ஒரு பட்டை வயர் வருகிறது. அதைப் போர்டில் கவ்விப் பிடிக்கிற பூட்டைக் காணோம். கறுப்புப் பிளாஸ்டிக், வெட்டிப் போட்ட நகம் அளவு. டேப் ஒட்டிப் பார்த்தான், வயர் நிற்கவில்லை.

"அந்தப் பூட்டு எங்கண்ணே?"

இவர் தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுக்கலாமே என்றேன். "அதுக்கு உள்ள கேபிள் என்கிட்ட இல்லக்கா. மதுரைக்குத்தான் போகணும். அங்கன வாங்கி வச்சுக்கிட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்கம்பாக."

ஒரு வாரமாம்!

பஸ்ஸில் யோசித்தேன். ஃபேனுக்கு எதிரே ஞாயிற்றுக்கிழமை குவிந்து கிடந்த காய்க்குள்தான் பறந்து விழுந்திருக்கும். அந்தக் காய் இப்போது ஐந்து மூட்டை. நாளைக் காலை போடிக்கு, ஏலத்துக்கு.

15, புதன்

ஆறு மணி. ஜீப் வாசலில். ஏற்றுவதற்குள் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஹைஸ்கூல் டீச்சர்! டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் கத்தினார்.

"ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குத் தச்ச மூட்டையப் பிரிக்கணுமா? கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"பிடிச்சிருச்சு. பிரிங்க."

"போடியில காத்திருக்காக. அடுத்த வருசம் எழுதிக்கிரலாம்ல? படிப்பு எங்க ஓடிப் போகுது?"

அடுத்த வருசமாம். மூன்று வருடமாகச் சமைத்து, துவைத்து, ஸ்கூல் நோட்டுத் திருத்தி, அதற்குப் பிறகு மிஞ்சின நேரத்தில் எழுதியது. வந்த ஆத்திரத்தில் தார்ப்பாயை விரித்து, அரிவாள்மனையில் சாக்குத் தையலை நானே அறுத்தேன். இவர் ஜீப்பை அனுப்பிவிட்டு வெளியே போய்விட்டார்.

எட்டு மணிக்குக் காய் பொறுக்கும் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். எதைத் தேடுகிறேன் என்று சொன்னேன். பேச்சியக்கா என் முகத்தைப் பார்த்தாள். "ஆத்தா, எதுக்கு அழுகுறீக? பச்சைக்குள்ள கறுப்பு எங்கிட்டுப் போய் ஒளியும்? தள்ளுங்க டீச்சர், நீங்க கலச்சு விட்டுராதீக."

தள்ளி உட்கார்ந்தேன். அவள் விரல் காயை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தள்ளுகிற வேகம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. முதல் மூட்டையில் ஒரு ஸ்க்ரூ. நான்காவது மூட்டை, மத்தியானம் இரண்டு மணி: "இதான்னு பாருங்க."

அதேதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

16, வியாழன்

மறுபடி தேனி, தனியாக. பூட்டு மாட்ட ஐந்து நிமிடம். பட்டனை நானே அமுக்குகிறேன் என்றேன் அவனிடம். விளக்கு எரிந்தது. எல்லாம் இருக்கிறது, கடைசிப் புள்ளி வரை. அல்ஹம்துலில்லாஹ். அங்கேயே உட்கார்ந்து நன்றியுரையைத் திருத்தினேன். ப்ரிண்ட், பைண்டிங்.

17, வெள்ளி

மதுரை. கொடுத்தாயிற்று. கால் வலி.

சாயங்காலம் இவர் வீட்டுப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நன்றியுரையில் கை நின்றது. வழிகாட்டி மேடம், நூலகர், பேச்சியம்மாள், உடன் காய் பொறுக்கிய மூவர். இரண்டு தடவை படித்தார்.

"எம் பேரு எங்கன?"

"மூட்டையப் பிரிச்சுத் தேடிப் பாருங்க" என்றேன்.