மாப்பிள்ளைக்குத் தைத்த தோல் பை

ஹம்பேர்க்
ஞாயிற்றுக்கிழமை தொடங்கி புதன்கிழமை முடித்தது

அன்புள்ள மகள் நிருஷாவுக்கு,

இங்கே என் இடது முழங்காலையும் அம்மாவின் கோபத்தையும் தவிர மற்ற எல்லாம் சுகமாக இருக்கின்றன. அங்கே ஸ்கொட்லாந்து மழையில் நீயும் டங்கனும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதுகிறேன். இதுவரை நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினா, ஆனால் நான் சொன்னதில் பாதியை மரியாதை இல்லை என்று விட்டுவிட்டு நான் சொல்லாத கோயில் விசயங்களைச் சேர்த்துவிடுவா. ஆறு வருசமாக நீ ஒரு பக்திமானின் கடிதங்களை வாசித்திருக்கிறாய், அது நான் இல்லை. எழுபத்திரண்டு வயதில் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற சஜிதா ரீச்சரிடம் போய் எழுதப் படித்தது இதற்காகத்தான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் வேண்டும், ஆனால் ஒருவரும் திருத்த முடியாது. அம்மா தேத்தண்ணி கொண்டுவருகிற சாட்டில் எட்டிப் பார்க்கிறா, நான் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டங்கனின் பை முடிந்துவிட்டது. கலியாணத்துக்கு அவன் தங்கள் வழக்கப்படி கில்ட் கட்டப் போகிறான், அதற்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல் பையை அப்பா செய்து தருவீர்களா என்று நீ மாசி மாதம் கேட்டாய். கில்ட் எனக்கு ஒரு புதினம் இல்லை, ஆயுள் முழுக்கச் சாரம் கட்டினவனுக்குக் கட்டம் போட்ட பாவாடையில் என்ன பயம். ஆனால் சாரத்தில் மடி இருக்கிறது, காசு, சுருட்டு, வீட்டுத் திறப்பு எல்லாம் அதற்குள் போகும். பாவம் டங்கனின் ஆட்கள், மடி கட்டத் தெரியாமல் ஒரு பையைச் செய்து, அதைத் தொங்கவிட வேறு இடமும் கிடைக்காமல், ஆண்டவன் மறைத்து வைக்கச் சொன்ன இடத்துக்கு நேர் முன்னால் விளம்பரப் பலகை போல மாட்டியிருக்கிறார்கள். இதை நீ டங்கனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாம், அவன் சிரிப்பான். அவனுடைய அம்மாவுக்குச் சொல்லாதே.

வேலையை எங்கள் பழைய சப்பாத்துக் கடையில்தான் செய்தேன். நான் வேலையை விட்டு ஏழு வருசமானாலும் முதலாளி பீலிக்ஸ் இன்னும் மேசையில் ஒரு மூலையை எனக்கு விடுகிறான். முதல் பை பிழையாய்ப் போனது. வாரின் அளவை நான் சாரம் கட்டுகிற இடத்தில், அதாவது தொப்பைக்குக் கீழே எடுத்துவிட்டேன். பீலிக்ஸ் டங்கனின் உயரம் என்பதால் அவனுக்குக் கட்டிப் பார்த்தால் பை முழங்காலுக்குக் கிட்டப் போய் ஆடுகிறது. நாகமுத்து, உன் மருமகன் காசு எடுக்க ஒவ்வொரு முறையும் குனிந்து கும்பிட வேண்டி வரும் என்று பீலிக்ஸ் சொன்னான். வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, அவனையும் பையையும் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டாள். இரண்டாம் முறை சரியாக அளந்தேன். முன்தோல், பின்தோல், இரண்டுக்கும் நடுவே வளைந்து போகிற பட்டித் தோல், மூன்றையும் மெழுகு பூசிய ஒரே நூலில் இரண்டு பக்கமும் ஊசி போட்டுத் தைத்தேன். மெசின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக விட்டுக்கொண்டு போகும், இது போகாது, டங்கனுக்குப் பேரன் பிறந்தாலும் போகாது. முன்னால் மூன்று குஞ்சம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, இதென்னப்பா மூண்டு எலியைப் பிடிச்சுத் தொங்கவிட்டிருக்கிறியள் என்று கேட்டா.

பிழை என்னுடையதுதான், சந்தோசத்தில் படத்தை எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை குணசேகரம் மாமா எஸ்-பான் ரயில் ஏறி வந்துவிட்டார். தங்கச்சியின் மகளின் மணவறையில் மாட்டுத்தோலோ என்று வாசலிலேயே தொடங்கினார். சப்பாத்தைக் கழற்றாமல் நின்றுதான் கேட்டார், அந்தச் சப்பாத்துக்கு மூன்று முறை அடி மாற்றிக் கொடுத்தது நான். பிறகு கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஐயர் எங்கேயோ அவசரத்தில் நின்றவர் போல, "தவில் என்ன பிளாஸ்ரிக்கில செய்யிறதோ, மண்டபத்தில தானே, கட்டட்டும்," என்றார். மாமா விடவில்லை, அப்ப ஒரு குற்றமும் இல்லையோ என்று கேட்டார். "ஒரு குற்றம் இருக்கு, அக்கினிக்குக் கிட்ட இருக்கேக்க அந்தக் குஞ்சத்தை ஒரு பக்கமாய்த் தள்ளிவிடச் சொல்லுங்கோ, பத்திக்கித்திப் போகும், நான் பிறகு மந்திரத்தை விட்டிட்டு வாளியோட ஓட ஏலாது," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா குசினிக்குள் போய்ச் சிரித்தா.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமா சும்மா பையைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தில், தோல் ஈரமாக இருந்தபோது மொட்டை ஊசியால் அழுத்தி நான் எழுதியிருந்தேன். ஈரத்தில் அழுத்தின எழுத்து காய்ந்த பிறகு அழியாது. நாகமுத்து, சப்பாத்துத் தைக்கிறவன், ஹம்பேர்க். மாமா அதை இரண்டு முறை வாசித்தார், குரல் மாறிவிட்டது. "மச்சான், தோல் கிடக்கட்டும், இதை ஏன் எழுதினனீர்? கனடாவிலயிருந்து சனம் வருகுது. கடையில வாங்கினது எண்டு சொல்லிப்போட்டு இருக்கலாமெல்லே," என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை ஜேர்மனியில் ஓர் ஏற்றுமதிக் கொம்பனியில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் சொன்னவர் அவர்தான், முப்பத்திரண்டு வருசமாக அந்தக் கொம்பனியைத் தனியே கட்டிக் காப்பாற்றுகிறவரும் அவர்தான். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் கொம்பனி என்று நானும்தான் சொன்னேன். ஊரில் தோல் தைக்கிறவரை வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்திப் பேசினவர்களில் என் அப்பாவும் ஒருவர், என்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்திப் புகையிலைத் தோட்டத்துக்கு அனுப்பின அதே அப்பா. ஊசியைக் கையில் எடுத்த முதல் நாள் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பிடித்துவிட்டது, அதையும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த எழுத்து வெளியில் தெரிந்தால் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. எழுத்து வடிவாத்தான் கிடக்கு என்றா. அன்றிலிருந்து கோபமாகத்தான் இருக்கிறா, அது என்மேலா தன் அண்ணன்மேலா என்று இன்னும் தெரியவில்லை.

அன்று பின்னேரமே உன் செய்தி வந்தது. மாமா உன்னையும் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. அப்பா, உள்ளுக்கு ஒரு பட்டுத்துணி வைத்துத் தைத்துவிடுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது, பிரச்சினை முடிஞ்சிடும் என்று எழுதியிருந்தாய். அதை நான் தனியே, எழுத்து எழுத்தாக, ஒருவரின் உதவியும் இல்லாமல் வாசித்தேன். நான் முதன்முதல் தனியாக வாசித்த உன் செய்தி அதுதான். கோபம் வரவில்லை, உண்மையாக. நீ படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடப் பத்திரங்களில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று நான் கேட்டதில்லை. ஜேர்மன் எழுத்து இப்போதும் எனக்கு ஓடாது, ஆகையால் நீ பயப்பட வேண்டாம். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் கொம்பனி என்றுதானே.

நேற்று பையைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். பட்டுத்துணியும் வைத்திருக்கிறேன், அம்மாவின் பழைய கூறைச்சேலையில் அளவாக வெட்டினது, பச்சை. மெழுகு பூசிய நூலும் இரண்டு ஊசியும் வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் துளை போட்டுவிட்டேன், நூலைக் கோத்துக்கொண்டு போனால் போதும், அரை மணித்தியாலத்து வேலை. மூட வேண்டும் என்றால் மூடு, மாமா வருவார், நானும் ஒரு சொல் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அதை நீ மூட வேண்டும் பிள்ளை. நான் மூட மாட்டேன்.

நீயும் டங்கனும் நூறு வயது வரைக்கும் சண்டை பிடித்துச் சமாதானமாகி, பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்க வேண்டும், எல்லாச் சாமிகளும், தோல் பிடிக்காத சாமிகளும் சேர்ந்து, உங்களைக் காக்கட்டும். பையைத் தண்ணியில் நனைக்க வேண்டாம், தேங்காயெண்ணெய் பூச வேண்டாம், மணக்கும், டங்கனுக்குப் பின்னால் நாய் வரும். மழைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு
உன் அப்பா,
நாகமுத்து,
சப்பாத்துத் தைக்கிறவன்